குசினிச் சீட்டு வரவில்லை என்றால் யார் பொறுப்பு?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வாழை இலை உணவகம் நடத்துகிறேன். பில் போடும் மென்பொருளை 4,200 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பராமரிப்பு என்று ஆண்டுக்கு 720 ரிங்கிட் கட்டுகிறேன். 2024 மார்ச்சில் சேவை வரி ஏறியபோது அவர்கள் போட்ட அப்டேட், சாப்பாட்டுக்கும் 8 விழுக்காடு வரி போட்டுவிட்டது. வாடிக்கையாளர்களிடம் நான்தான் திட்டு வாங்கினேன். அதைச் சரிசெய்ய 350 ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மதியக் கூட்டத்தில் குசினிக்குப் போக வேண்டிய ஆர்டர் சீட்டு வாரத்தில் இரண்டு மூன்று தடவை வருவதே இல்லை. கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். இ-இன்வாய்ஸ் வசதிக்குத் தனியாக 2,400 ரிங்கிட் கேட்கிறார்கள். அப்படியென்றால் ஆண்டுக் கட்டணம் எதற்கு ஐயா?

பதில்: முதலில் அந்த 350 ரிங்கிட்டைத் திருப்பிக் கேளுங்கள். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடானது உண்மை. ஆனால் உணவு, பானச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்தது. சட்டத்தைச் சரியாகப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 8 என்று மாற்றியது அவர்கள் செய்த பிழை. தன் பிழையைத் தானே திருத்துவதற்குக் காசு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பராமரிப்புக் கட்டணத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

இ-இன்வாய்ஸ் அப்படியல்ல. நீங்கள் மென்பொருள் வாங்கியபோது அந்த வேலையே கிடையாது. பில் விவரம் வருமான வரி வாரியத்தின் கணினிக்குப் போய், அங்கே சரிபார்க்கப்பட்டு, அடையாள எண்ணோடு திரும்பி வர வேண்டும். புதிதாக எழுத வேண்டிய பெரிய வேலைதான்; கூலி கேட்பதில் தவறில்லை. சட்டம் மாறினால் வரும் மாற்றங்கள் ஆண்டுக் கட்டணத்தில் அடங்குமா என்பதை உங்கள் ஒப்பந்தம்தான் சொல்லும். எடுத்துப் படியுங்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

அவசரப்பட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தை இலவசமாகவே பயன்படுத்தலாம். சாப்பிட வருகிறவர்களில் பலர் இ-இன்வாய்ஸ் கேட்கப் போவதில்லை. அவர்களுடைய பில்களை மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து, மாதம் முடிந்து 7 நாளுக்குள் அனுப்பினால் போதும். கேட்கிற சிலருக்கு மட்டும் கையால் பதிந்து கொடுக்கலாம். இரண்டு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். 2,400 ரிங்கிட் கொடுக்கத் தகுந்த வசதியா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சரி, குசினிச் சீட்டுக்கு வருவோம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். ஒரு சீட்டு வராமல் போனால் ஒரு மேசை அரை மணி நேரம் காத்திருக்கிறது. அந்தக் குடும்பம் மறுபடி உங்கள் கடைக்கு வராமலே போகலாம்.

"சீட்டு சரியாக வருவதில்லை" என்று போனில் சொன்னால், பழுது பார்ப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் வந்து பார்க்கும் நேரத்தில் சீட்டு ஒழுங்காக வரும். கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சீட்டு வராதபோதெல்லாம் நாள், மணி, மேசை எண், எந்தக் கருவியில் ஆர்டர் எடுத்தார்கள், திரையில் என்ன தெரிந்தது, கொஞ்ச நேரம் முன்பு மின்சாரம் போய் வந்ததா என்று எழுதுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பத்து வரி சேர்ந்தால் ஏதோ ஓர் ஒழுங்கு கண்ணில் படும். ஒரே டேப்லெட்டில் மட்டும் நடக்கலாம். 1 மணிக்கு மேல் மட்டும் நடக்கலாம்.

அப்புறம் ஒரு சோதனை. குசினி பிரிண்டர் வைஃபையில் ஓடுகிறது என்றால் ஒரு வாரம் கேபிளில் மாட்டி ஓட்டுங்கள். இன்னொன்று, ரௌட்டர் (வைஃபை தரும் பெட்டி) பிரிண்டருக்குத் தானாக நெட்வொர்க் முகவரி எண் கொடுக்கும் இடத்தில், மின்சாரம் போய் வந்தால் பிரிண்டரின் முகவரி மாறிவிடக்கூடும். மென்பொருளோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த முகவரியை நிலையாக வைத்துவிட்டால் தீர்ந்தது. சில நிமிட வேலை. கேபிளில் ஓட்டியும் சீட்டு வரவில்லை, முகவரியும் மாறவில்லை என்றால், மென்பொருளின் மேல்தான் சந்தேகம் விழும். உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பேசுங்கள்.

குற்றம் வைஃபையில் இருந்தாலும் அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சீட்டு அச்சாகவில்லை என்று கல்லாவில் ஏன் எச்சரிக்கை வரவில்லை? உணவகத்துக்கு என்று விற்ற மென்பொருள், ஆர்டர் குசினிக்குப் போகாததைச் சொல்லாமல் இருப்பதை நான் குறை என்றே சொல்வேன். அதைப் புதிய வசதி என்று சொல்லித் தனி விலை போட வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி எந்த அப்டேட் வந்தாலும் முதலில் பதிவுகளை நகல் எடுத்துவிட்டு, கடை மூடிய பிறகு போடச் சொல்லுங்கள். கடை திறப்பதற்கு முன் நாலைந்து பில் அடித்துப் பாருங்கள். முன்பு நான் கணக்குப் பார்த்த கடையில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தினமும் சில ரிங்கிட் இடித்தது. தேடித் தேடி அலுத்துப்போனோம். கடைசியில் பார்த்தால், மொத்தத் தொகையில் செய்ய வேண்டிய 5 சென் சரிக்கட்டலை அது ஒவ்வொரு பொருளுக்கும் செய்துகொண்டிருந்தது. 2008 ஏப்ரலிலிருந்து இருக்கிற விதி அது: 10.02 என்றால் 10.00, 10.03 என்றால் 10.05, அதுவும் மொத்தத்தில் மட்டும். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கெடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டுவதற்கு முன், ஞாயிறு மதியம் 1 மணிக்குப் போன் அடித்தால் யார் எடுப்பார், கல்லாவே நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், நீங்கள் விலகினால் உங்கள் விற்பனைப் பதிவுகளை எக்செல் கோப்பாகத் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் நான் பணம் கட்ட மாட்டேன்.

அந்த 350 ரிங்கிட் திரும்பவில்லை என்றால்? பயனீட்டாளர் நடுவர் மன்றம் உங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கும் பொருளையும் சேவையையும் பற்றியது; உணவகத்து பில் மென்பொருள் அதில் வராது. கடை உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம். 5,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் இந்த வழி இல்லை. தனிநபர் மட்டுமே அங்கே வழக்குப் போட முடியும்.

கேள்வி: செந்தூலில் டியூஷன் நிலையம் வைத்திருக்கிறேன். வருகைப் பதிவுக்கும் கட்டணக் கணக்குக்கும் ஒரு தம்பி காசு வாங்கிக்கொண்டு மென்பொருள் எழுதித் தந்தார். இப்போது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வேறொருவரை வைத்துத் திருத்தலாமா, அல்லது உரிமை அவருடையதா?

பதில்: திருத்தலாம் அம்மா. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எழுதச் சொன்ன படைப்பின் உரிமை எழுதச் சொன்னவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டும் கதை வேறு. ஆனால் காகிதத்தில் உரிமை இருந்து என்ன செய்ய? அவர் எழுதிய மூல நிரல் (மென்பொருளின் அசல் எழுத்து வரிகள்) கையில் இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் தொடவே முடியாது. அந்தத் தம்பி இன்னும் போனை எடுக்கும்போதே, இந்த வாரமே, மூல நிரல், கடவுச்சொற்கள், இணையப் பெயர் (இணையதள முகவரி) யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். அவருடைய நேரத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தாவது வாங்குங்கள். ஒன்றும் தெரியாமல் முதலிலிருந்து எழுதுவதைவிட அது மலிவு.

கேள்வி: ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். மகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. "இனி இது ஓடாது, புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். நிஜமா?

பதில்: ஓடும். 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது வழக்கமான திருத்தங்கள்தான். வீட்டு உபயோகத்துக்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாப்ட் அறிவித்தது; அதில் சேர முடிகிறதா என்று செட்டிங்ஸில் அப்டேட் பகுதியில் பாருங்கள். அதே இடத்தில் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்றும் காட்டும். மாற முடிந்தால் இலவசமாகவே மாறலாம். மாறவும் முடியவில்லை, பாதுகாப்புத் திருத்தமும் இல்லை என்றால் அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம். புதிது வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.