சண்டை ரோபோவின் பிளேடை ஆர்டுயினோவிடம் விடலாமா?

சண்டை ரோபோவில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் ஆர்டுயினோ என்ற சின்னப் புரோகிராம் போர்டை வைத்துச் சுழலும் பிளேடை இயக்கினால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் பிளேடை நிறுத்தும் பொறுப்பை அதனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வீட்டு மேசையில், சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் இடத்தில்தான் நீங்களும் சோதிப்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

கல்லடியில் எங்கள் கூட்டாளிமார் இப்படி ஒரு ரோபோ செய்தார்கள், அமெரிக்காவில் பீட்டில்வெயிட் என்று சொல்லும் 1.36 கிலோ வகுப்பு. ரிசீவரிலிருந்து பல்ஸ் (வேகத்தைச் சொல்லும் மின்துடிப்பு) வராவிட்டால் மோட்டரை நிறுத்தும்படி புரோகிராம் எழுதியாயிற்று, இனி என்ன பயம் என்றார்கள். பிளேடைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "உனக்கு எல்லாத்துக்கும் பயம் மச்சான்" என்று சிரிப்பு வேறு. சரி, கழற்றினார்கள். மோட்டரை ஓடவிட்டு ரிமோட்டை ஓஃப் பண்ணினோம். நிற்கவில்லை!

ஆர்டுயினோவில் பிழையே இல்லை. ரிசீவரின் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் என்ன செய்வது என்ற அமைப்பு, கடைசி நிலையைப் பிடித்துக்கொள்ளும்படி இருந்தது. மோட்டரை ஓடச் சொல்லும் 1700 மைக்ரோசெக்கன் பல்ஸ் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், ரிமோட் ஓஃப் ஆனது ஆர்டுயினோவுக்கு எப்படித் தெரியும்? ஃபெயில்சேஃபை மோட்டர் நிற்கும் கீழ்நிலைக்கு மாற்றிய பிறகுதான் நின்றது. நீங்கள் புரோகிராமைத் தொடமுன் இதைப் பாருங்கள்.

அப்புறம், ஆர்டுயினோவிலிருந்து பல்ஸ் அனுப்பும் சர்வோ லைப்ரரி, உங்கள் புரோகிராமைச் சாராமல் டைமர் இன்டரப்டில் தனியாக ஓடுவது. புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் எங்காவது ஸ்டக் ஆனாலும் கடைசி வேகம் ஈ.எஸ்.சி.க்குப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டக் ஆவதைக் கவனிக்கும் வாட்ச்டாக் டைமர் போட்டால் ஆர்டுயினோ ரீசெட் ஆகும். மோட்டர் கரண்ட் இழுத்து வோல்ட் விழுந்தாலும் ரீசெட்தான். ரீசெட்டுக்குப் பிறகு பிளேட் தானாகச் சுற்றக் கூடாது; அதனால் ரிமோட்டின் ஸ்டிக் அடியில் இருப்பதைக் கண்ட பிறகே பிளேடுக்கு மறுபடி அனுமதி என்று எழுதுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே, பற்றரி வயரில் கையால் பிடுங்கி மின்சாரத்தை அறுக்கும் லிங்க் ஒன்று வெளியே தெரிய வேண்டும். "ஈ.எஸ்.சி.யை நேரடியா ரிசீவரில கொடுத்தா முடிஞ்சுதே" என்று சிலர் வருவார்கள், தெரியும். வெறுமனே ஒரு மோட்டரைச் சுற்றத்தான் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இரண்டு சுவிட்ச் சேர்ந்தால்தான் பிளேட் ஓட வேண்டும் என்பது போன்ற பூட்டுகளுக்குத்தான் ஆர்டுயினோ தேவை.

அதே ரோபோவை ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். பிரதம அதிதி வரும்வரை வெயிலில் காத்திருப்பு, பிறகு மாலை, பொன்னாடை, உரைக்கு மேல் உரை. கடைசியில் அவசரமாக வந்த நடுவர் ஒருவர், சிவப்பு வயர் வெளியே தொங்குவது அழகில்லை என்று புள்ளி குறைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது லிங்கைத்தான்.