எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமா? வெள்ளையணு ஏற்பிகள் பற்றிச் சில கேள்விகள்

வெள்ளையணுக்களின் ஏற்பிகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் ஆய்வுக்கூடத்தில் வெள்ளையணுக்களோடு வேலை செய்பவள், சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. அதனால் உங்கள் மருந்தை நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது எல்லாவற்றையும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

அக்கா, என் பையன் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சளி விட்டபாடில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட எந்த டானிக் நல்லது? (செங்காங்)

முதலில் பிள்ளை விஷயம். இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம். எடை ஏறுகிறது, சளி விட்ட நாட்களில் ஓடி விளையாடுகிறான் என்றால் பயப்பட வேண்டாம். அடிக்கடி நிமோனியா, காதில் திரும்பத் திரும்பச் சீழ், எடை ஏறவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து டானிக். வெள்ளையணுவின் மேலும் உள்ளும் ஏற்பி என்ற புரதங்கள் இருக்கின்றன. டாக்டர்கள் ரிசெப்டர் என்பார்கள். தனக்கு உரிய பொருள் வந்து ஒட்டினால்தான் ஓர் ஏற்பி செல்லுக்குள் செய்தி அனுப்பும். சில ஏற்பிகள் 'கிளம்பு' என்று சொல்லும், சில 'நிறுத்து' என்று சொல்லும். இரண்டும் சேர்ந்துதான் எதிர்ப்புச் சக்தி.

நாங்கள் தட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். மேக்ரோஃபேஜ் என்பவை கிருமியை விழுங்கும் செல்கள். அவற்றோடு பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எண்டோடாக்சினை, ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் மட்டும், சேர்ப்போம். டிஎல்ஆர் 4 என்ற ஏற்பி அதைக் கண்டுகொள்ளும். சில மணி நேரத்தில் உருண்டையாக இருந்த செல்கள் தட்டையாகி, கைகால் நீட்டிப் பரவ ஆரம்பிக்கும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து அளந்தால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். மறுநாள் அதே தட்டில் அதே அளவை மறுபடி விட்டால் டிஎன்எஃப் கொஞ்சம்தான் வரும். செல்கள் சாகவில்லை, உயிரோடுதான் இருக்கின்றன. தங்களைத் தாங்களே அடக்கிக்கொண்டிருக்கின்றன.

இப்படி அடக்கிக்கொள்ளத் தெரியாவிட்டால் சாதாரணத் தொற்றே ஆளை வீழ்த்திவிடும். ஆகவே 'கூட்டும்' என்று விற்கிற எதையும் வாங்குவதற்கு முன் எந்தச் செல்லை, எந்த ஏற்பி வழியாக, எவ்வளவு கூட்டும் என்று கேளுங்கள். பதில் வராது. தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள், நேரத்துக்குத் தூங்க வையுங்கள், கை கழுவப் பழக்குங்கள். டானிக் காசில் பழம் வாங்கிக் கொடுங்கள்.

மேடம், நான் தொடக்கக்கல்லூரி மாணவன். டோல் ஏற்பியைப் பழ ஈயில் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். ஈக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி, தம்பி. டோல் மரபணு ஈயின் கரு வளர்ச்சிக்கு உதவுவது என்றுதான் முதலில் தெரிந்திருந்தது. 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் அந்த மரபணு பழுதான ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்று கொடுத்துப் பார்த்தார்கள். ஈக்கள் பூஞ்சை இழைகள் மூடிச் செத்துப்போயின. கிருமிகளின் பொதுவான அடையாளங்களைக் கண்டுகொள்ளும் ஏற்பிகள் இருந்தே தீர வேண்டும் என்று சார்லஸ் ஜேன்வே 1989-லேயே சொல்லியிருந்தார். 1997-ல் அவரும் ருஸ்லான் மெட்ஷிடோவும் டோலின் மனித உறவினரைக் காட்டினார்கள். 'டோல் போன்ற ஏற்பி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டிஎல்ஆர்.

எனக்கு மிகவும் பிடித்தது 1998-ல் வந்த புரூஸ் பியூட்லரின் வேலை. ஓர் எலி இனத்துக்கு எண்டோடாக்சினை அதிக அளவில் கொடுத்தாலும் உயிரைப் பறிக்கும் அதிர்ச்சி நிலை வராது. அதற்குக் காரணம் டிஎல்ஆர் 4 பழுது என்று அவர் கண்டுபிடித்தார். ஆனால் அதே எலிக்குச் சால்மோனெல்லா தொற்றினால் எளிதில் இறந்துவிடும். அழற்சியிலிருந்து தப்பிய எலி தொற்றிடம் மாட்டிக்கொள்கிறது. தேர்வுக்கு எதை மறந்தாலும் இந்த எலியை மறக்காதே. ஹாஃப்மனுக்கும் பியூட்லருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார். மனிதனில் இந்தக் குடும்ப ஏற்பிகள் மொத்தம் 10.

2020-ல் எனக்கு டெங்கி வந்தது. இரண்டாம் தடவை வந்தால் ஆபத்து என்கிறார்களே, ஒரு தடவை வந்தால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாதா? (ஈசூன்)

2020-ல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது, உங்களைப் போல் கேட்பவர்கள் நிறைய. டெங்கி வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். முதல் தடவை உருவான எதிர்ப்பான்கள் (கிருமியின் மேல் ஒட்டுவதற்காக உடல் உண்டாக்கும் புரதங்கள்) வேறு வகை வைரஸின் மேல் ஒட்டும், ஆனால் அதை முடக்கும் அளவுக்கு ஒட்டாது. மேக்ரோஃபேஜின் மேலே எஃப்சி-காமா ஏற்பி இருக்கிறது. எதிர்ப்பான் ஒட்டிய எதையும் பிடித்து உள்ளே இழுப்பது அதன் வேலை. வழக்கமாக உள்ளே போனது செரிமானமாகிவிடும். டெங்கி வைரஸோ அந்தச் செல்லுக்குள்ளேயே பெருகக்கூடியது. திருடனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்த கதைதான். கூடுதல் செல்களில் வைரஸ் பெருகினால் அழற்சிப் புரதங்களும் கூடும். ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து நீர் கசியும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பான்கள் குறைந்துகொண்டே வரும் பருவத்தில், அதாவது பிறந்து 6 முதல் 9 மாதம் ஆன குழந்தைகளில், முதல் டெங்கியே சில சமயம் கடுமையாவதற்கும் காரணம் இதுதான்.

இரண்டாம் தடவை வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே குணமாகிறார்கள், அதனால் கலங்காதீர்கள். ஆனால் காய்ச்சல் இறங்கும் நாளில் கவனமாக இருங்கள். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டலாம், தொடாதீர்கள்.

டெங்கிக்கு ஊரிலிருந்து நிலவேம்புப் பொடி அனுப்பியிருக்கிறார்கள். குடிக்கலாமா?

டெங்கி கடுமையாகாமல் அது தடுக்கும் என்று நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அதுதான் என் கவலை. கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாக வேண்டாம். வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

எனக்கு லூப்பஸ் இருக்கிறது. ஏன் பெண்களுக்கே அதிகம் வருகிறது? மலேரியா மாத்திரையை ஏன் கொடுக்கிறார்கள்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

சகோதரி, லூப்பஸ் என்பது எதிர்ப்புச் சக்தி தன்னுடலையே தாக்கும் நோய். உங்கள் இரண்டு கேள்விக்கும் பெரிய அளவில் ஒரே ஏற்பி பதில் சொல்கிறது. டிஎல்ஆர் 7 செல்லுக்குள்ளே, விழுங்கியது போய்ச் சேரும் அமிலப் பைகளில் இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டுகொள்வது அதன் வேலை. நம் உடலில் இறந்த செல்களிலும் ஆர்என்ஏ உண்டு. அளவு மீறினால் அதையும் கிருமி என்று எடுத்துக்கொள்ளும்.

அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களிடம் இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அடங்கியிருக்கும். ஆனால் சில வெள்ளையணுக்களில் டிஎல்ஆர் 7 மட்டும் அந்த அடக்கத்திலிருந்து தப்பி இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்கிறது. லூப்பஸ் நோயாளிகள் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஹார்மோன் போன்ற வேறு காரணங்களும் உண்டு.

2020-ல் நெதர்லாந்தில், முன்பு நன்றாக இருந்த நான்கு இளைஞர்கள், இரண்டு ஜோடி சகோதரர்கள், கோவிட் வந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களுடைய டிஎல்ஆர் 7 வேலை செய்யவில்லை. 2022-ல் லூப்பஸ் வந்த ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஆய்வு வெளியானது. அவளுடைய டிஎல்ஆர் 7-ல் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அதனால் ஏற்பி தேவைக்கு மேல் உசுப்பப்பட்டது. அதே மாற்றத்தை எலியில் வைத்தார்கள், எலிக்கும் லூப்பஸ் வந்தது. ஒரே ஏற்பி, இந்தப் பக்கம் குறைந்தால் தொற்று, அந்தப் பக்கம் கூடினால் தன்னுடலையே தாக்கும் நோய். உங்களிடம் 'எதிர்ப்புச் சக்தி குறைவு, அதான் லூப்பஸ்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி மாத்திரை. ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற அந்த மாத்திரை, மேலே சொன்ன அமிலப் பைகளில் போய்ச் சேர்ந்து டிஎல்ஆர் 7, 9 இரண்டின் செய்தியையும் மட்டுப்படுத்துகிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் ஆகும். நன்றாக இருக்கிறேன் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும். பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். அந்த அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடாதீர்கள்.

மனைவிக்கு முடக்குவாதம். டிஎன்எஃப் ஊசி போடுவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை என்று நான்கு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். மூட்டுவலிக்கும் காசநோய்க்கும் என்ன தொடர்பு? (ஜூரோங்)

அண்ணா, காசநோய்க் கிருமி பலர் உடலில் நோய் காட்டாமல் பல வருடம் தூங்கும். மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்திருக்கும். அந்தக் கோட்டையைக் கலையாமல் வைத்திருப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டுகளை அரிப்பதும் அதே டிஎன்எஃப்தான். அதைத் தடுப்பதற்குத்தான் இந்த ஊசி. ஊசி வந்த புதிதில் மூட்டு நன்றாகிச் சிலருக்குக் காசநோய் கிளம்பியதை 2001-லேயே கவனித்துவிட்டார்கள். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கிறார்கள்.

அந்த நான்கு குழாய்கள்: சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடி. ஒவ்வொன்றிலும் 1 மில்லிலிட்டர். சாம்பலில் ஒன்றும் இல்லை. பச்சையிலும் மஞ்சளிலும் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகள் பூசியிருக்கும். ஊதாவில் எந்த டி செல்லையும் (இது வெள்ளையணுவில் ஒரு வகை) கிளப்பிவிடும் பொருள் இருக்கும், செல்கள் உயிரோட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்க. 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். அந்தத் துண்டை முன்பே பார்த்துப் பழகிய டி செல் இருந்தால், அதன் ஏற்பி அதைக் கண்டுகொண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை வெளியிடும், அதைத்தான் அளப்பார்கள். அந்தத் துண்டுகள் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியில் இல்லை. ஆகவே சிறுவயதில் போட்ட பிசிஜியால் தவறாக 'இருக்கிறது' என்று வராது.

முடிவு 'இருக்கிறது' என்று வந்தாலும் ஊசியே கிடையாது என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே எடுத்து, தூங்கும் கிருமிக்கு மாத்திரை ஆரம்பித்து, வழக்கமாக ஒரு மாதமாவது கழித்து ஊசி தொடங்குவார்கள். ஊசி போட்ட பிறகு விடாத இருமல், இரவு வியர்வை, எடை குறைவு என்றால் உடனே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், பிடி-1 மருந்து ஏறுகிறது. இரண்டு நாளாக நிறைய வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ?

தயவுசெய்து இன்றைக்கே புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். டி செல்லுக்கு 'நிறுத்து' சொல்லும் ஏற்பி பிடி-1. தசுகு ஹோன்ஜோ குழுவினர் 1992-ல் கண்டுபிடித்தது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனோடு 2018-ல் நோபல் பெற்றார். தடையை எடுத்துவிட்டால் டி செல்கள் புற்றைத் தாக்கும், சிலருக்குக் குடல், தைராய்டு, நுரையீரல், கல்லீரலையும் தாக்கும். மருந்து முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கும்.

நல்ல உடம்பில் தன்னையே தாக்கும் செல் இருக்காது, சரிதானே?

இருக்கும். மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி அப்படிப்பட்ட டி செல்களை நிறைய களைந்துவிடும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மிஞ்சியவற்றை அடக்குவதற்கென்றே ஒரு வகை டி செல் உண்டு என்று 1995-ல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவற்றின் மேல் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஏற்பி அதிகம் இருக்கும். மற்ற டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகினை அவை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செல்களை உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001-ல் கண்ட மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் சகாகுச்சிக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது.

வௌவாலுக்கு இத்தனை வைரஸ் இருந்தும் ஏன் நோய் வருவதில்லை?

இதற்கு நம் ஊரிலேயே பதில் தேடினார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் லின்ஃபா வாங் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு அது. என்எல்ஆர்பி3 என்ற செல்லுக்குள் இருக்கும் ஏற்பி, ஆபத்தைக் கண்டால் அழற்சியைக் கிளப்பும். வௌவாலில் அது தணிவாகவே வேலை செய்கிறது. வைரஸ் குறையவில்லை, அழற்சிதான் குறைவு.

முடக்குவாத ஊசி போட்டுக்கொள்பவர் தடுப்பூசி போடலாமா?

ஃபுளூ, நிமோனியா ஊசிகளைப் போடலாம், போட வேண்டும். அக்கிக்கான ஷிங்ரிக்ஸும் உயிருள்ள கிருமி இல்லாதது. அதில் டிஎல்ஆர் 4-ஐ அளவாகத் தட்டியெழுப்பும் பொருளையே சேர்த்திருக்கிறார்கள். தட்டம்மை-அம்மைக்கட்டு-ருபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் முடக்குவாத ஊசி எடுக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள். வெளிநாட்டுப் பயணம் இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.