மோரின் உப்பும் மோரின் பியூரெட்டும்

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் டூ செய்முறையில் மோர் உப்பை (பெரஸ் அம்மோனியம் சல்பேட்) வைத்துத்தான் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தரம் பார்க்கிறோம், அதாவது டைட்ரேஷன் செய்கிறோம். அந்த மோர் யார் என்று ஒரு மாணவி கேட்டாள். ஜெர்மன்காரர் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் எந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்? இன்னொரு சந்தேகம். எங்கள் ஆய்வகத்தில் குழாய்த்திருகு இல்லாமல் ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த பழைய பியூரெட்டுகள் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாய்கள்) பத்துப் பதினைந்து உண்டு. அதில் செய்த பிள்ளைகளுக்கு மட்டும் கன்கார்டன்ட் ரீடிங், அதாவது அடுத்தடுத்து ஒத்துப்போகும் அளவு, வரவே இல்லை. கையில் கோளாறா, கருவியில் கோளாறா?

ஒரு வேதியியல் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோளாறு கையில் இல்லை. அந்தப் பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை ஊற்றியதே காரணம். பெர்மாங்கனேட் கடுமையான ஆக்சிஜனேற்றி, ரப்பரைத் தின்னும். குழாயின் உட்புறத்தைப் பாருங்கள், பழுப்பாக மாங்கனீஸ் டை ஆக்சைடு படிந்திருக்கும். ரப்பருக்குள் தங்கும் ஒன்றிரண்டு மில்லி கரைசல் வீரியம் இழந்து முதலில் இறங்குகிறது, அதனால் அளவு கூடுதலாக வருகிறது. அடுத்த முறை எவ்வளவு நேரம் தங்கியது என்பதைப் பொறுத்து வேறொரு அளவு. கன்கார்டன்ட் எங்கிருந்து வரும்? அயோடினுக்கும் வெள்ளி நைட்ரேட்டுக்கும் இதே கதிதான். வெள்ளி நைட்ரேட் ரப்பரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து குழாயையே கறுப்பாக்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சொல்லும் அந்தக் கிளிப் வைத்த பியூரெட்டுக்கே மோர் பியூரெட் என்றுதான் பெயர். மோர் பெயரால் அறியப்படும் உப்பைப் பெர்மாங்கனேட்டுடனும், மோர் முறையில் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டுடனும் தரம் பார்க்கிறோம். இரண்டையும் மோரின் பியூரெட்டில் செய்யக் கூடாது.

அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், சோடியம் ஹைட்ராக்சைடுக்கு வையுங்கள். காரக் கரைசலை இரவு முழுக்க விட்டால் கண்ணாடித் திருகு இறுகிக்கொள்ளும், ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. புதுக் குழாய் மாற்றும்போது நீர்த்த காரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் கழுவிப் பொருத்துங்கள். கிளிப்புக்குக் கீழே காற்றுக்குமிழி நிற்பது வழக்கம். நுனியை மேல்நோக்கி வளைத்துக் கிளிப்பை அழுத்தினால் குமிழி வெளியேறும். இதைச் செய்யாமல் தொடங்கினால் நடுவில் குமிழி கழன்று கால் மில்லிவரை பிசகும்.

இனி ஆளைப் பற்றி. கார்ல் ஃபிரெடரிக் மோர் 1806 நவம்பர் 4 அன்று ரைன் நதிக்கரையில் உள்ள கோப்லென்ஸ் நகரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர். ஹைடல்பெர்க்கில் லியோபோல்ட் க்மெலினிடம் படித்தார், பிறகு பெர்லினிலும் பான் நகரிலும். அப்பா இறந்தபின் கடையை ஏற்று நடத்தினார். 1857இல் கடைத்தொழிலை விட்டார். பிறகு பெரும் பணநஷ்டம். 57 வயதில் பான் பல்கலைக்கழகத்தில் கடைநிலை விரிவுரையாளராகச் சேர்ந்தார், 1867இல் மருந்தியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1879இல் அங்கேயே காலமானார்.

அவர் எந்தத் தனிமத்தையும் கண்டுபிடிக்கவில்லை. மாணவியிடம் அப்படியே சொல்லுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. வாங்கிய சோடா சுத்தமா, வினிகரில் அமிலம் எவ்வளவு என்பதெல்லாம் மருந்துக்கடைக்காரருக்கு அன்றாடக் கேள்வி. வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டுப் பார்த்தால் ஒரு விடைக்கே ஒரு நாள் போய்விடும். தரம் பார்த்தல் முறை மோருக்கு முன்பே இருந்தது. கே-லுசாக் வெள்ளியை அளந்தார், மார்கெரித் 1846இல் பெர்மாங்கனேட்டால் இரும்பை அளந்தார். ஆனால் அந்தக் காலப் பியூரெட்டைக் கையில் பிடித்துச் சாய்த்து ஊற்ற வேண்டும். மோர் அதைத் தாங்கியில் நிறுத்தி, அடியில் கிளிப் மாட்டி, சொட்டுச் சொட்டாக விடும்படி செய்தார். ஒரு கை கிளிப்பில், மறு கை குடுவையில். கடைப் பையனும் பத்து நிமிடத்தில் விடை சொல்லலாம். 1855இல் வந்த அவருடைய தரம்பார்த்தல் நூல் இந்த முறைகளையெல்லாம் ஒருங்கே திரட்டித் தந்தது. தக்கையில் துளை போடும் கருவிக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

உப்புக்கு வருவோம். பச்சைத்துத்தம் என்ற பெரஸ் சல்பேட் காற்றில் படிகநீரை இழக்கும், பழுப்பேறும். எடைபோட்ட அளவை நம்ப முடியாது. அதனுடன் அம்மோனியம் சல்பேட்டைச் சேர்த்துப் படிகமாக்கினால் கிடைக்கும் இரட்டை உப்பு அவ்வளவு எளிதில் கெடாது. இதில் மோருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அன்றைய சமான எடைக் கணக்கில் (இன்றைய எண்ணில் ஏறக்குறையப் பாதி) இரும்பு 28, உப்பு 196. அதாவது உப்பில் சரியாக ஏழில் ஒரு பங்கு இரும்பு. 1.4 கிராம் உப்பு என்றால் 0.2 கிராம் இரும்பு, மனக்கணக்கே போதும். இன்றைய மூலக்கூறு எடை 392.14, பிசகு 0.3 சதவீதம்தான்.

பள்ளியிலேயே தயாரிக்கலாம். 13.9 கிராம் பெரஸ் சல்பேட், 6.6 கிராம் அம்மோனியம் சல்பேட், இரண்டையும் 25 மில்லி சூடான நீரில் இரண்டு மூன்று மில்லி நீர்த்த கந்தக அமிலம் விட்டுக் கரையுங்கள். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு நீராற்பகுப்படைந்து கலங்கும். நீண்ட நேரம் கொதிக்க விட்டால் மஞ்சளாகும், அது ஆக்சிஜனேற்றமடைந்த பெரிக் இரும்பு. ஆறும்போது கிளறாதீர்கள், அசையாமல் விட்டால்தான் வெளிர்பச்சைப் படிகம் பெரிதாக வளரும். கணக்குப்படி 19.6 கிராம் வரவேண்டும். ஆனால் நல்ல பங்கு தாய்க்கரைசலிலேயே (படிகம் போக மிஞ்சும் கரைசல்) தங்கிவிடும்.

0.1 மோலார் கரைசல் 250 மில்லிக்கு 9.80 கிராம் உப்பு. முதலில் நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி அடர் கந்தக அமிலத்தை மெல்ல விட்டு ஆறவிடுங்கள், உப்பு அதற்குப் பிறகு. இதன் 20 மில்லிக்கு 0.02 மோலார் பெர்மாங்கனேட் 20 மில்லி செலவாகும். குடுவையில் அமிலம் போதாவிட்டால் பழுப்பு வீழ்படிவு வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைக் குடிக்கும், அளவு கூடும். நைட்ரிக் அமிலம் இரும்பைத் தானே ஆக்சிஜனேற்றிவிடும், அளவு குறையும். ஆக்சாலிக் அமிலத்துக்குச் செய்வதுபோல 60, 70 டிகிரிக்குச் சூடாக்கும் பழக்கத்தில் இதையும் சூடாக்கும் மாணவர்கள் உண்டு. கூடாது, காற்றே இரும்பைக் கெடுத்துவிடும். கரைசல் கருநிறம் என்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் படிக்கச் சொல்லுங்கள்.

மோரைப் பற்றி இன்னொன்று. 1837இல் வெப்பத்தின் இயல்பு குறித்து ஒரு கட்டுரை எழுதினார். இயக்கம், வேதிநாட்டம், மின்சாரம், ஒளி, காந்தம் எல்லாம் ஒரே ஆற்றலின் வடிவங்கள், ஒன்று மற்றொன்றாக மாறும் என்பது அதன் சாரம். இதழாசிரியர் போகென்டார்ஃப் தம் இதழில் போட மறுத்தார், வியன்னா இதழில் வந்தது. இதே கருத்தை எழுதிய ராபர்ட் மேயருக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது. என்றாலும் ஆற்றல் அழியாமையின் வரலாற்றில் மேயருக்கும் ஜூலுக்கும் கிடைத்த இடம் மோருக்கு இல்லை. அது நியாயமே என்று நினைக்கிறேன். மேயர் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று எண் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க அளந்த மோர் இங்கே மட்டும் எண் கொடுக்கவில்லை.

அவர் முறையில் இன்றும் தண்ணீர் ஆய்வகங்களில் ஓடுவது குளோரைடு பரிசோதனை. போர்வெல் நீர் 100 மில்லியில் 5 சதவீத பொட்டாசியம் குரோமேட் 1 மில்லி விட்டு, 0.0141 மோலார் வெள்ளி நைட்ரேட்டால் செங்கல் சாயல் எட்டிப் பார்க்கும்வரை தரம் பாருங்கள். 1 மில்லிக்கு அரை மில்லிகிராம் குளோரைடு. வெள்ளி குளோரைடு முழுக்க இறங்கிய பிறகுதான் வெள்ளி குரோமேட் சிவக்கும் என்பதுதான் சூட்சுமம். பிஎச் 7க்குக் கீழே போனால் குரோமேட் டைகுரோமேட்டாகி முடிவுநிலை தள்ளிப்போகும், 10க்கு மேலே வெள்ளி ஆக்சைடு பழுப்பாக விழும். குளோரைடு இல்லாத நீரிலும் ஒருமுறை செய்து, அந்த 0.2, 0.3 மில்லியைக் கழித்துவிடுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்ச விடாதீர்கள், குரோமேட் புற்றுநோய் தரும் பொருள். மீதக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.