விபத்து நஷ்டஈடு கேஸ் வந்தால் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுமா?

"என் கார் மோதியதில் அடிபட்டவர் கேஸ் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேஸுக்காக உங்கள் தேர்ட் பார்ட்டி பிரீமியம் (உங்கள் காரால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்காகக் கட்டுவது) மட்டும் தனியாக ஏறாது. எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஏறும்.

பாலிசியை எடுத்துப் பாருங்கள். உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரு கட்டத்தில், தேர்ட் பார்ட்டி இன்னொரு கட்டத்தில் இருக்கும். கிளைம் கேட்காத வருஷத்துக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் கழிவதெல்லாம் முதல் கட்டத்தில்தான். இரண்டாவது, அரசு நிர்ணயிக்கிற ரேட். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 3,221 ரூபாயாக இருந்தது, 2022 ஜூன் 1 முதல் 3,416 ஆனது. வருஷக்கணக்கில் கீறல் விழாமல் ஓட்டியவருக்கும் அதே தொகை, போன மாதம் ஆளை இடித்தவருக்கும் அதே தொகை. எனக்கென்னவோ இது நியாயமாகப் படவில்லை.

சரி, இந்த மூவாயிரத்துச் சொச்சம் எதற்கு ஈடு கொடுக்க வேண்டும்? இறந்தவருக்கு வயது 35, மாதம் 30,000 சம்பாதிக்கும் சுயதொழில்காரர், அவரை நம்பி நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி, எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 42,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு போக 31,500. வருஷத்துக்கு 3,78,000. இதை எத்தனை வருஷத்தால் பெருக்குவது என்பதற்கு அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. ஆக 60,48,000 ரூபாய். ஈமச் செலவு, வட்டி எல்லாம் தனி. வட்டி வழக்கமாக மனு போட்ட தேதியிலிருந்தே ஓடும், அதனால் கேஸ் இழுக்க இழுக்கத் தொகை ஏறும். உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது. பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம். இப்படிக் கட்டிய தொகையைக் காட்டித்தான் கம்பெனிகள் ரேட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்கின்றன.

நீங்கள் பயப்பட வேண்டியது பிரீமியத்துக்கு அல்ல, 'பே அண்ட் ரெக்கவரி' உத்தரவுக்கு. வண்டி ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால், முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்லிவிடலாம். மச்சான் கேட்டார் என்று சாவியைக் கொடுத்திருந்தாலும், ஆர்சியில் உங்கள் பெயர்தானே இருக்கிறது? விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலிலிருந்து சம்மன் வந்த உடனே அதன் நகலையும் ஓட்டியவரின் லைசென்ஸ் நகலையும் கம்பெனியில் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.