மலேசியா 2022: இளைஞர் ஓட்டு ஏன் பக்காத்தானுக்கே போகவில்லை?

மலேசியாவின் 2022 பொதுத் தேர்தலில், புதிதாக 60 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தும் அன்வார் இப்ராஹிம் தலைமையிலான பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடைக்காதது ஏன், நீங்கள் எழுதும் கட்டுரை இந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த 60 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 2018இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022இல் 2 கோடியே 11 லட்சம் ஆனார்கள். எல்லாரும் 18 வயதுப் பிள்ளைகள் இல்லை. ஓட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அதே அரசியலமைப்புத் திருத்தம் தானியங்கிப் பதிவையும் கொண்டுவந்தது. பல வருஷமாகப் பதியாமலே இருந்த பெரியவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று, அதிருப்தி எல்லாருக்கும் ஒரே திசையில் ஓடாது. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் ஊழலில் முன்னாள் பிரதமர் நஜிப் சிறைக்குப் போனபின், அவருடைய மலாய்க் கட்சியான அம்னோமீது மலாய்க்காரர்களுக்கும் கோபம்தான். ஆனால் சீனர் ஆதரவு அதிகமுள்ள ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) இருக்கும் பக்காத்தான் கூட்டணிக்கு ஓட்டுப் போட அவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. இஸ்லாமியக் கட்சியான பாஸ் இருந்த பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி அவர்களுக்கு மூன்றாவது வழியானது. அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி கூட்டணி 2018இல் பெற்ற 79 இடங்களிலிருந்து 30க்கு விழுந்தது. கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் மூன்று மாநிலங்களையும் பெரிக்காத்தான் முழுசாக அள்ளியது.

ஆகவே 'இளைஞர்' என்று ஒரே பிரிவாக எழுதாமல் இனம், மாநிலம், நகரம், கிராமம் என்று உடைத்து எழுதுங்கள். பெரிக்காத்தான் அள்ளிய திரெங்கானுவையும் பக்காத்தான் வலுவாக இருந்த சிலாங்கூர் மாநிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிக் கட்டுரை வந்துவிடும்.