காலியாகத் திரும்பும் டைரிகள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

டிசைன் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு ஒரு பொருள் செய்வதுதான் என் இறுதித் திட்டப்பணி. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் கருவியாக அது இருக்க வேண்டாம், வீட்டோடு ஒட்டி இருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலில் நாற்பது கேள்விகளோடு படிவம் கொடுத்தேன். எல்லோரும் ‘நல்லா இருக்கும்மா’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு வழிகாட்டி சொன்னபடி ‘கல்ச்சுரல் ப்ரோப்’ முறைக்கு மாறினேன்; நேரே கேள்வி கேட்காமல், சிறு பொருட்களைக் கொடுத்து அவற்றின் வழியே ஒருவர் வாழ்க்கையை அறியும் முறை அது. ஒரு டைரி, பேனா, சில அட்டைகள் எல்லாம் ஒரு பையில் போட்டு ஆறு வீடுகளுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நான்கு டைரிகள் காலியாக வந்தன. ஒன்றில் முதல் நாள் மட்டும் ‘காலை 5.30 எழுந்தேன். காபி. பேப்பர்’ என்று இருக்கிறது. எங்கே தவறு? ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினியை வைத்து மாதிரிக் கருவி செய்து கொடுத்தால், அதை எத்தனை நாள் விட்டு வைக்க வேண்டும்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் பையில் கனமான பொருள் டைரிதான். அது வீட்டுக்குள் வந்ததும் தினமும் எழுதவேண்டிய கடமை ஒன்றும் கூடவே வந்துவிட்டது. ஒருநாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி, இரண்டு நாள் விட்டுப்போனால் டைரி பீரோவுக்குள் போய்விடும். எழுதிய ஒருவரும் தன் நாளை வருகைப் பதிவேடு போலத்தான் எழுதியிருக்கிறார். டைரி கேட்டது அதைத்தான்.

இந்த முறை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பில் கேவர், டோனி டன், எலெனா பசெண்டி என்னும் வடிவமைப்பு ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ‘பிரசென்ஸ்’ திட்டத்துக்காகச் செய்த வேலை அது. ஆஸ்லோவின் மயோர்ஸ்டுவா, ஆம்ஸ்டர்டாமின் பைல்மர், இத்தாலியில் பீசா நகருக்குப் பக்கத்தில் உள்ள பெச்சோலி ஆகிய மூன்று இடங்களின் முதியவர்களுக்கு அந்தப் பொட்டலம் போனது. உள்ளே தபால் அட்டைகள், சில வரைபடங்கள், மேலட்டையை மாற்றி ஒட்டிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமரா, சிறு புகைப்பட ஆல்பம், டிவி ரேடியோ பார்ப்பது கேட்பதைக் குறிக்க ஒரு சிறு டைரி. ஆக, டைரி அங்கேயும் இருந்தது. ஆனால் பலவற்றில் ஒன்றாக இருந்தது.

கேட்ட கேள்விகளைப் பாருங்கள். ஓர் அட்டையில், உங்களுக்கு முக்கியமாகப் பட்ட ஓர் அறிவுரையைச் சொல்லுங்கள் என்று இருந்தது. இன்னொன்றில், உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று. பகற்கனவு காண எங்கே போவீர்கள், போக ஆசைப்பட்டும் போகமுடியாத இடம் எது என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். கேமராவின் முதுகில், இன்று முதலில் பார்க்கும் ஆளை எடுங்கள், சலிப்பூட்டும் ஒன்றை எடுங்கள் என்று குறிப்புகள். எல்லாமே ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைகள். எதற்கும் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ‘தனிமையை உணர்கிறீர்களா’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தப் பெரியவரும் உண்மையைச் சொல்லமாட்டார். உங்கள் நாற்பது கேள்விக்குக் கிடைத்த ‘நல்லா இருக்கும்மா’ அதன் விளைவுதான். வந்த பிள்ளையை வருத்தப்பட வைக்கக்கூடாது என்ற மரியாதையில் சொன்னது அது.

இன்னொன்று உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அங்கேயும் எல்லாம் திரும்பி வரவில்லை. ஆஸ்லோவில் ஏறக்குறைய முழுவதும் வந்தது, பைல்மரில் பாதிக்குச் சற்று மேல், பெச்சோலியில் பாதிகூட வரவில்லை. ஒவ்வொரு ஊரின் ஆர்வம் எப்படிப்பட்டது என்று அதிலிருந்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். உங்கள் நான்கு காலி டைரிகளையும் தூக்கிப் போடாதீர்கள். எழுதப் பிடிக்கவில்லையா, கண் தெரியவில்லையா, கை நடுங்குகிறதா என்று வீட்டுக்கு வீடு காரணம் வேறாக இருக்கும். மேஜைமேல் கிடந்ததா பீரோவில் கிடந்ததா என்று கேட்டாலே கொஞ்சம் தெரிந்துவிடும்.

புதிய பெட்டிக்கு ஆறேழு பொருள் போதும். தபால் அட்டைகளை 6க்கு 4 அங்குலத்தில், 300 ஜிஎஸ்எம் எடையுள்ள கெட்டித் தாளில் அச்சடியுங்கள். எழுதும் பக்கம் பளபளப்பாக இருக்கக்கூடாது. ஆர்ட் கார்டு என்னும் பளபளப்பு அட்டையில் பால்பாயிண்ட் வழுக்கும், ஜெல் பேனா எழுத்து விரல் பட்டதும் தீற்றிக்கொள்ளும். எழுத்தளவு 16 புள்ளிக்குக் குறையாமல், கோடுகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம். ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. எந்தச் சத்தம் கேட்டால் வந்திருப்பது யார் என்று சொல்லிவிடுவீர்கள், எந்த நேரத்தில் போன் அடித்தால் திக்கென்று இருக்கும் என்பது மாதிரிக் கேளுங்கள். பின்பக்கம் உங்கள் முகவரியும் ஒட்டிய தபால்தலையும் இருக்கட்டும். பெட்டியைக் கூரியரில் அனுப்பவேண்டாம். நேரில் போய், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டி, பிடித்ததை மட்டும் செய்தால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். அதைச் சொல்ல மறந்தால் அட்டைகளும் டைரியாக மாறிவிடும்.

படத்துக்கு, எடுத்த உடனே அச்சிட்டுத் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா நல்லது. ஒரு ஃபிலிம் பெட்டியில் 10 படம்தான். அந்தக் குறைவே எதை எடுப்பது என்று யோசிக்க வைக்கும். ஐந்து படத்துக்கு நீங்கள் குறிப்பு கொடுங்கள், ஐந்தை அவர்களுக்கு விடுங்கள். மிகப் பக்கத்தில் வைத்து எடுத்தால் படம் மங்கும், ஃப்ளாஷில் வெளுத்தும் போகும். அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு நூலைக் கேமராவில் கட்டிவிடுங்கள். நூல் எட்டும் தூரத்துக்குள் எதையும் எடுக்கவேண்டாம் என்று சொன்னால் போதும். வெயிலிலோ டிவி பெட்டிமேலோ ஃபிலிமை வைத்தால் நிறம் கெடும்.

எழுத விருப்பம் இல்லாதவர்களுக்குக் குரல். கேவரின் குழு பின்னாளில் லண்டன் வீடுகளுக்குக் கொடுத்த பொருட்களில் கனவுப் பதிவி ஒன்று இருந்தது. நாடாவை இழுத்தால் கனவைச் சொல்ல 10 விநாடி கிடைக்கும். அவ்வளவுதான். அந்தச் சுருக்கம்தான் அதன் பலம் என்று நினைக்கிறேன். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ஐஎஸ்டி1820 என்னும் குரல்பதிவு மாட்யூலை வைத்து இதை நீங்களே செய்யலாம். மைக், 8 ஓம் ஸ்பீக்கர், இரண்டு ஏஏ பேட்டரி போதும். ரெக்கார்டு பின்னுக்கும் 3 வோல்ட் முனைக்கும் இடையே இரண்டு பித்தளைத் தகடுகளை ஒன்றையொன்று அழுத்தும்படி வைத்து, நடுவில் பிளாஸ்டிக் நாடாவைச் செருகுங்கள். நாடாவை உருவினால் தகடுகள் தொட்டுப் பதிவு தொடங்கும், நினைவகம் நிரம்பியதும் தானாக நிற்கும். இந்தச் சில்லில் ஒரே ஒரு பதிவுதான் நிற்கும், அடுத்த பதிவு பழையதை அழித்துவிடும். ஆகவே பெட்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாக நாடாவைத் தகடுகளுக்கு நடுவில் மறுபடி செருகுங்கள். அதற்கு முன்பு பேட்டரியைக் கழற்றி மாட்டினால், தகடுகள் தொட்டபடி இருப்பதால் மறுபதிவு தொடங்கி, ஒருவர் சொன்னது போய்விடலாம். மாட்யூலில் உள்ள சிவப்பு ரெக்கார்டு பொத்தான் பெட்டிக்குள் மறைந்து இருக்கட்டும்.

வந்தவற்றை எண்ணாதீர்கள். ‘ஆறில் நால்வர் மாடத்தைப் படம் எடுத்தனர்’ என்று அறிக்கை எழுதினால் மறுபடி படிவத்துக்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இப்படி ப்ரோப்பைப் புள்ளிவிவரமாக்கும் பழக்கத்தை எதிர்த்துக் கேவரும் கூட்டாளிகளும் 2004இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதவேண்டி வந்தது. வீட்டுக்கு ஒரு மேஜை என்று பரப்பி வைத்து, அந்த வீட்டுக்கு மட்டும் பொருந்தும் யோசனைகளை வரையுங்கள். ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றைத் தேடினால் கடைசியில் மாத்திரை அலாரம்தான் மிஞ்சும்.

கருவிக்கு வருவோம். நம் வீடுகளில் படுக்கப்போகும்போது சுவிட்சை அணைப்பார்கள், வெளியே கிளம்பினாலும் அணைப்பார்கள். அதை மாற்றச் சொல்லாதீர்கள். ராஸ்பெரி பை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெடும். அதன் அமைப்பு நிரலான ராஸ்பி-கான்ஃபிகில், எழுதுவதை எல்லாம் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. ஆனால் உங்கள் பதிவுகளும் ஒவ்வொரு முறையும் அழிந்துவிடும், அவற்றுக்குத் தனி யூஎஸ்பி டிரைவ் வையுங்கள். நிரல், மற்ற நிரல்களை இயக்கிவைக்கும் சிஸ்டம்டி வழியாகத் தானே தொடங்க வேண்டும், பாதியில் நின்றால் தானே எழ வேண்டும். கருவி விழித்துக்கொள்ள அரை நிமிடம் ஆகும். அதற்குள் ‘ரிப்பேர்’ என்று நினைத்து மறுபடி அணைத்துவிடுவார்கள். 5 வோல்ட்டிலிருந்து நேரே, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு எல்இடி கொடுங்கள். சுவிட்ச் போட்ட கணமே எரியும், இரவில் கண்ணையும் குத்தாது. பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் வேண்டாம், மின்னழுத்தம் இறங்கிக் காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். முதல் இரண்டு வாரம் புதுமைக்காகவும் உங்களுக்காகவும் பயன்படுத்துவார்கள். வந்தவர்களிடம் காட்டுவார்கள். அதன்பிறகு நடப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஆறு வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள், எட்டு என்றால் நல்லது. இடையில் போகும்போது கருவியைப் பற்றிக் கேட்காமல், அது எங்கே நகர்ந்திருக்கிறது, மேலே துணி போர்த்தியிருக்கிறதா, அதற்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். யார்க் நகரின் கிளேர் சபைக் கன்னியர் மடத்துக்காக இதே கேவரின் குழு செய்த ‘பிரேயர் கம்பானியன்’ கருவி, உலகச் செய்திகளைச் சிறு எழுத்தாக ஓடவிடும் ஒன்று. சகோதரிகள் அதற்கு ‘கோல்டி’ என்று பெயர் வைத்தார்கள்.

கருவியை எடுத்துப்போகும் தேதியை, வைக்கும் அன்றே அவர்கள் வீட்டு நாள்காட்டியில் குறித்துக் கொடுங்கள். வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கொடுத்துவிடலாமா, நீங்கள் படிப்பு முடித்துப் போனபின் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதைத் துறையில் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படங்களின் பிரதியும் குரல் பதிவும் அவர்களுக்குச் சேரவேண்டியவை, அதற்கான செலவையும் இப்போதே திட்டத்தொகையில் சேர்த்துவிடுங்கள்.