குழந்தைக்கு எவ்வளவு காப்பீடு? – கேள்வி பதில்

(ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவக் காப்பீடு என் துறை அல்ல.)

கே: மகனுக்கு இரண்டு வயது. ஜீவன் தருண் பாலிசி எடுக்கச் சொல்கிறார் முகவர். எவ்வளவு தொகைக்கு எடுக்கலாம்? – ஓர் அம்மா, கோவில்பட்டி

ப: அப்பா பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே அம்மா! குழந்தைக்கு இருபது வயது ஆகும்வரை பிரீமியம் கட்டி, இருபத்தைந்தில் பணம் வாங்கும் எல்.ஐ.சி. பாலிசி அது. குழந்தைக்கு எட்டு வயது ஆகாவிட்டால் காப்பு உடனே தொடங்காது. உங்கள் மகனுக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். அதற்குள் அசம்பாவிதம் நேர்ந்தால் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குழந்தையின் வருமானத்தில் எந்த வீட்டிலும் உலை கொதிப்பதில்லை. உலை கொதிப்பது அப்பாவின் சம்பளத்தில். மாதம் 40,000 ரூபாய் வாங்குகிறார் என்றால் ஆண்டு வருமானத்தைப் போலப் பத்து மடங்கு, சுமார் 50 லட்சத்துக்கு அவர் பெயரில் டெர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுங்கள். வீட்டுக்கடன் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அப்பாயின்டீ கட்டத்தை மறக்க வேண்டாம், கீழே சொல்கிறேன்.

கே: மகளுக்கு நான்கு வயது. செல்வமகள் திட்டமா, காப்பீடா?

ப: செல்வமகள் சேமிப்பு, காப்பீடு அல்ல. பத்து வயதுக்குள் கணக்கு தொடங்கிப் பதினைந்து ஆண்டு கட்டலாம். சேமிப்புக்கு அதுவே நல்லது. உங்கள் பெயரில் டெர்ம் தனி.

கே: மகனுக்கு ஏழு வயது. எவ்வளவுக்கு எடுக்கலாம்?

ப: முதல் பதில்.

கே: பேரனுக்கு ஒரு வயது. எவ்வளவுக்கு…

ப: முதல் பதில், ஐயா. தாத்தா எடுக்க விதி இடம் தருகிறது. அதற்காக எடுக்க வேண்டும் என்பதில்லை.

கே: எங்கள் பிழைப்பில் மண் போடுகிறீர்கள். டெர்ம் எடுப்பவர் மிச்சப் பணத்தைச் சேமிக்கவா போகிறார்? பிரீமியம் தள்ளுபடி ரைடர் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் துணைக் காப்பு) இருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்? – ஒரு முகவர், தஞ்சாவூர்

ப: முதல் பாதி உண்மை, தம்பி. கட்டாயம் இல்லாவிட்டால் சேமிக்காத வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ரைடரும் நல்லதுதான்: அப்பா இறந்துவிட்டால் மீதிப் பிரீமியம் கட்ட வேண்டாம், பாலிசி தொடரும். ஆனால் பெரும்பணம் வருவது பிள்ளைக்கு இருபது வயதைத் தாண்டிய பிறகு. அடுத்த மாத அரிசிக்கு? ஐந்து லட்சத்துக்குப் பிள்ளை பெயரில் பாலிசி, அப்பா பெயரில் ஒன்றுமில்லை என்ற கோப்புகள் என் மேசைக்கு வந்தபடியே இருந்தன. நீங்கள் இரண்டையும் விற்றால் எனக்குச் சண்டையே இல்லை. எந்தப் பாலிசியில் கமிஷன் அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கே: என் டெர்ம் பாலிசியில் ஐந்து வயது மகள்தான் நாமினி. போதுமா?

ப: போதாது! மைனர் நாமினி என்றால், பணத்தை அவளுக்காகப் பெற்றுக்கொள்ள அப்பாயின்டீ ஒருவர் வேண்டும். ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாமினி ஒன்பது வயதுப் பையன். அப்பாயின்டீ கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு மட்டும். அம்மா ஒரு நாள் வந்தார், அப்பாவழித் தாத்தா மறுநாள் வந்தார். இருவரும் உரிமை கோரினார்கள். பையனுக்குக் காப்பாளர் யார் என்று நீதிமன்ற உத்தரவு வரும்வரை காசோலை எழுத முடியவில்லை. அந்த அம்மா கையில் பள்ளிக் கட்டண நோட்டீசை நான்காக மடித்து வைத்திருந்தார். உங்களுக்குக் கடன் தொல்லை இருந்தால், புதிதாக எடுக்கும் பாலிசியை 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி மனைவி, மகள் பெயருக்கு எழுதிவையுங்கள். கடன்காரர்கள் எளிதில் கை வைக்க முடியாது.

கே: மகன் பெயரில் பாலிசி வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. திருப்பித் தரலாமா?

ப: பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் தரலாம், சிறு பிடித்தம் போக மீதி வரும். நாளைக்கே கிளையில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முகவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.